றெம்பிராண்ட் தீட்டிய மைந்தன்

ஒல்லாந்து தேசத்து ஓவியர் றெம்பிராண்ட் தம் மைந்தன் தீத்துசைப் பலமுறை தீட்டினார். அவற்றுள் 1655ஆம் ஆண்டுப் படமொன்று ரொட்டர்டாம் நகரக் கலைக்கூடத்திற்கு உரியது. பதினான்கு வயதையொட்டிய சிறுவன் எழுதுமேசையின் பின்னே அமர்ந்துள்ளான். கையில் இறகுப்பேனை, பெருவிரல் முகத்தில் அழுந்துகின்றது, கண்களோ தாளை விட்டு எங்கோ நோக்குகின்றன. படத்தின் கீழ்ப்பகுதியைப் பெரும்பாலும் மேசைப்பலகையே நிறைக்கின்றது. பிறர் வீணென்று விலக்கியிருக்கக்கூடிய அப்பலகை, சிறுவனுக்கு அரணாக நிற்கின்றது.

1639இல் 13,000 கில்டருக்கு வாங்கிய வீட்டின் கடன் பெருகி, 1656இல் றெம்பிராண்ட் பொருள் முறிந்தார். 1658இல் வீடு ஏலத்திற் போயிற்று. (யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதும் அவ்வாண்டிலேயே.) இவ்வீழ்ச்சியைச் சிறுவனின் கண்களிற் காண முயல்வது, பின் நிகழ்ந்ததை முன்னேற்றிப் படிப்பதாகும். கடன் அப்பொழுதே நெருக்கியதாயினும், தந்தை நெடிது சுமந்த துயர் வேறு. மனைவி சஸ்கியா ஈன்ற முதல் மூன்று மகவுகளும் மூன்று திங்கள் நிறையுமுன் மாண்டன. நான்காவது தீத்துஸ். அவனுக்கு ஓராண்டு நிரம்புமுன், 1642இல், தாயும் இறந்தாள். எஞ்சிய இம்மகனைப் பட்டாடையும் பெருமிதமுமின்றி, சிந்தனையில் ஆழ்ந்தவனாகவே தந்தை காட்டினார்.

1660இல் தீத்துசும், றெம்பிராண்டுடன் இல்லறம் நடாத்திய ஹென்றிக்கியும் ஓவிய வணிகமொன்றை நிறுவி, அவரைத் தம் பணியாளராக்கினர். கடன்கொடுத்தோர் அவர் புதிதாகத் தீட்டுவனவற்றைப் பறியாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. காக்கப்பட்ட பிள்ளை காவலனாயினான். 1668இல், இருபத்தாறாம் வயதில், அவன் இறந்தான். தந்தை 1669 ஒக்தோபரில் மறைந்தார்.