இரண்டு மூட்டை அரிசி

அன்றாட உணவில் துத்தநாகம் சேர்க்கலாமா என்பதுதான் இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். துத்தநாகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் இவர் பினாங்கு துறைமுகத்துக்குப் போகிறாரே என்று நினைக்க வேண்டாம். தானியத்திலிருந்து எதை இழந்தோம், அதை எப்படித் திரும்பப் பெறுவது என்ற கேள்விக்கு உலகுக்கு விடை தேடித் தந்த நாடுகளில் மலாயாவும் ஒன்று. அந்தக் கதை சாக்கு மூட்டைகளில் ஏறி வந்தது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு, நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்கள் நம் பாட்டன் பூட்டன்மாரைப் பினாங்கில் இறக்கின. அங்கிருந்து தோட்டங்களுக்குப் போன அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் உண்டதோ, சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. இரண்டும் அரிசிதான். ஆனால் சீனத் தொழிலாளருக்குக் கால் மரத்தது, உடல் வீங்கியது, கடைசியில் இதயம் நின்றது. அந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி. தமிழரிடம் அது அரிதாகவே காணப்பட்டது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். 1907-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். கெட்டுப்போன வெள்ளை அரிசியில் நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை. அரிசிதான் காரணம் என்றதில் அவர் சரி, நஞ்சு என்றதில் தவறு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நடந்த சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1905 டிசம்பரில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு விடுதிக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மேற்கு விடுதிக்கு. கிழக்கே வழக்கம்போல் சயாம் வெள்ளை அரிசி, மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றுதான். ஓராண்டு முடிந்தபோது, வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்ட பேச்சே கிடையாது. மருத்துவ வரலாறு இந்தச் சோதனையைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் 18 பேர் நினைவுக்கு வருவார்கள்.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், ஜெலுபு காட்டுப் பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் இதே சோதனையைச் செய்தார்கள். விடை மாறவில்லை. நஞ்சு இல்லை, ஆலை தீட்டியெடுத்த தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்று 1909-இல் அறிவித்தார்கள். அந்த 'ஏதோ ஒன்று'தான் இன்று நாம் சொல்லும் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. நம் பாட்டிமார் இதை அறிந்து செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் பழக்கம் உயிரைக் காத்தது.

இதைக் கேட்டு நாம் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் கூடாது. புழுங்கல் அரிசி காத்தது ஒரு நோயிலிருந்துதான். மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் தோட்டத் தமிழரைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயின. துத்தநாகக் குறைவுக்கும் புழுங்கல் அரிசி மருந்தல்ல.

துத்தநாகம் மனிதனுக்கு அவசியம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டவர் பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகருக்குப் போனவர், அங்கே 20 வயதாகியும் சிறுவர்போல் வளராமல் நின்ற ஆண்களைப் பார்த்தார். அவர்கள் உண்டது பெரும்பாலும் புளிக்காத மாவில் சுட்ட ரொட்டி. முழுத் தானியத்தில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உடலில் சேரவிடாது. பிறகு எகிப்தில் அவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 1963-இல் இதை உறுதியாக்கியது. மாவைப் புளிக்க வைத்தால் பைட்டேட் குறையும். இட்லி மாவு புளிப்பதில் இந்த நன்மையும் உண்டு.

இன்று, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2004 முதல் சொல்லி வருகின்றன. அது நோய் வந்த பிறகு. வருமுன் காக்க மாவிலேயே சேர்க்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல்.

பெரிபெரிக்குப் பிணங்களை எண்ண முடிந்தது. துத்தநாகக் குறைவில் எண்ணுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. பிள்ளை கொஞ்சம் குட்டையாக இருக்கும், அடிக்கடி வயிறு போகும், சாப்பாடு பிடிக்காது. இதற்கெல்லாம் வேறு காரணங்களும் இருக்கலாம். ஒருவரின் இரத்தத்தைச் சோதித்தும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. உலக மக்களில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினருக்குத் துத்தநாகம் போதவில்லை என்று 2012-இல் வந்த மதிப்பீடுகூட, நாடுகளின் உணவுக் கணக்கை வைத்துப் போட்டதுதான். மாவில் சேர்த்தால் இரத்தத்தில் துத்தநாகம் உயர்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகள் அதனால் உயர்ந்து வளர்ந்தார்கள் என்பதற்குப் பிளெட்சர் காட்டியதுபோன்ற பளிச்சென்ற சான்று இன்னும் வரவில்லை. என் கருத்தைக் கேட்டால், சேர்க்கலாம் என்றே சொல்வேன். செலவு சொற்பம், அளவோடு சேர்த்தால் கெடுதலும் இல்லை. ஆனால் அளந்து பார்த்துக்கொண்டே சேர்க்க வேண்டும்.

பினாங்குக்கு எதிர்க்கரையான இந்தோனேசியா 2002-லிருந்து இதைச் சட்டமாக்கியது. கோதுமை மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி1, பி2 ஆகியவற்றோடு கிலோவுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகமும் சேர வேண்டும். 2008-இல் மாவு விலை ஏறியபோது அந்தக் கட்டாயத்தைச் சில மாதம் தளர்த்திப் பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2018-இல் வந்த விதிகளின்படி, செறிவூட்டிய அரிசியிலும் கோதுமை மாவிலும் இரும்பு, போலிக் அமிலம், பி12 மூன்றும் கட்டாயம். துத்தநாகம் விருப்பப் பட்டியலில் இருக்கிறது. ஆலைக்காரர் மனது வைத்தால் சேர்க்கலாம்.