வாரண்ட் இருக்கா?

சினிமாவுல அடிக்கடி கேக்கற இந்தக் கேள்வியை நிஜமாவே கேட்டவர் டால்ரீ மேப். அமெரிக்காவின் கிளீவ்லாந்து, 1957. குண்டுவெடிப்பு விசாரணைக்கு ஒருத்தரைத் தேடி வந்த போலீஸை, வக்கீலுக்குப் போன் போட்டுட்டு, வாரண்ட் இல்லாம உள்ளே விட மாட்டேன்னுட்டார். சில மணி நேரத்தில் கதவை உடைத்து நுழைந்தார்கள். "இதான் வாரண்ட்"னு காட்டின காகிதத்தை இவர் பிடுங்கி சட்டைக்குள் செருக, மல்லுக்கட்டி மீட்டு விலங்கு மாட்டினார்கள். கிடைச்சது ஆபாசப் புத்தகங்கள். அதுக்குத் தண்டனை. அந்த வாரண்ட் மட்டும் கோர்ட்டுக்கு வரவேயில்லை!

1961-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிய சோதனையில் எடுத்த ஆதாரம் மாநிலக் கோர்ட்டுகளிலும் செல்லாதுன்னு தீர்ப்பளித்தது. குற்றவாளி தப்பிச்சுடுவானேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா செல்லும்னு விட்டா, அடுத்த கதவை உடைக்க யார் யோசிப்பாங்க?

நம்ம உச்சநீதிமன்றம் 1973-ல், பூரன் மல் வருமானவரி வழக்கில், சோதனை சட்டவிரோதம்னாலும் அந்த ஒரே காரணத்துக்காக ஆதாரத்தை ஒதுக்க முடியாதுன்னு சொன்னது. நீங்க எந்தப் பக்கம்?