ஒற்றுமையைக் கேட்டறிதல்: ‘நாம்’, ‘நாங்கள்’, ஒரு வினாநிரலின் வரலாறு

சமூக ஒருங்கிணைவு, நெருக்கடியிலிருந்து மீண்டெழும் ஆற்றல் ஆகிய இரண்டும் இன்று ஆய்வு நிதிக்கான விண்ணப்பங்களில் தவறாது இடம்பெறும் தொடர்கள். இவற்றை அறிய வீடு வீடாகச் சென்று மக்களிடம் வினவும் முறை, பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின்னரே இந்தியாவிற்கு வந்ததுபோல் சிலர் எழுதுகின்றனர். அம்முறைக்கு இங்கே எழுபத்தைந்து ஆண்டு வயது. அதன் முடிவுகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. கேட்கப்பட்ட கேள்விகளின் சொற்களைப் பற்றிப் பேசியவர் குறைவு. மொழியியல் பயின்ற கண்ணுக்கு அதுவே முதலில் படுகிறது.

பிரிவினையின் குருதி உலராத 1950இல், இந்திய அரசின் அழைப்பின் பேரில் யுனெஸ்கோ தன் ஆலோசகராக அமெரிக்க உளவியலாளர் கார்ட்னர் மர்ஃபியை இங்கு அனுப்பியது. இந்து முஸ்லிம் பகைமையின் வேர்களை ஆராய்வது நோக்கம். இந்தியப் பேராசிரியர்களின் தலைமையில் பல நகரங்களில் குழுக்கள் அமைந்தன. அலிகரில் பார்ஸ் ராம் அப்பணியை ஏற்றார். 1953இல் மர்ஃபி வெளியிட்ட நூலின் பெயர் ‘இன் தி மைண்ட்ஸ் ஆஃப் மென்’. போர்கள் மனித மனங்களில் தொடங்குகின்றன என்னும் யுனெஸ்கோ சாசனத்தின் முகவுரையிலிருந்து எடுத்த தலைப்பு அது. பகை மனத்தில் உறைகிறது என்று கொண்டுவிட்டால் கேள்வியும் மனத்தை நோக்கியே செல்லும்: அவர்களைப் பற்றி நீங்கள் என்ன எண்ணுகிறீர்கள்? அவர்களிடம் எக்குணங்களைக் காண்கிறீர்கள்? அக்காலத்துச் சமூக உளவியலின் கருவிகள் அவ்வளவே. அதற்காக அவர்களைக் குறை கூறுவதில் பொருளில்லை.

எனினும் அதே திட்டத்திற்குள் வேறொரு வழியும் திறந்திருந்தது. மானிடவியலாளர் பி. எஸ். குகா, கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளை ஆராய இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தார். ஒன்று ஹூக்ளி மாவட்டத்தின் ஜிராட். அரசு திட்டமிட்டு அமைத்தது. மற்றொன்று கல்கத்தாவின் தென்பகுதியிலிருந்த ஆசாத்கர்; அகதிகள் தாமே நிலத்தைக் கைப்பற்றி எழுப்பியது. மக்களின் எண்ணத்தை, அவர்கள் ஊரை அமைத்துக்கொண்ட விதத்துடன் சேர்த்து நோக்க இவ்வொப்பீடு இடம் தந்தது. கல்கத்தாவைச் சூழ்ந்த அத்தகைய குடியிருப்புகளில் குழுக்களே மனைகளைப் பிரித்தளித்தன, பள்ளிகளைத் திறந்தன, வெளியேற்றத்தை எதிர்த்து நின்றன. மீண்டெழும் ஆற்றல் என்று இன்று நாம் பெயரிடுவதை அம்மக்கள் அப்பெயரின்றியே செய்துகொண்டிருந்தனர்.

எண்ணத்தைக் கேட்பதிலிருந்து செயலைக் கேட்பதற்கு வினாநிரல் முழுமையாக நகர்ந்தது 1990களில், அசுதோஷ் வார்ஷ்னியின் கைகளில். அவரும் ஸ்டீவன் வில்கின்சனும் 1950 முதல் 1995 வரையிலான ஒரு நாளிதழின் செய்திகளைக் கொண்டு இந்து முஸ்லிம் கலவரங்களின் பட்டியலைத் தொகுத்தனர். இறப்புகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு எட்டே நகரங்களில் குவிந்திருந்தது. சிற்றூர்களின் பங்கு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே ‘ஏன் கலவரம்?’ என்பதுடன் ‘இங்கே ஏன், அங்கே ஏன் இல்லை?’ என்றும் கேட்க வேண்டியதாயிற்று. வார்ஷ்னி மூன்று இணை நகரங்களை எடுத்துக்கொண்டார். அவற்றுள் ஓர் இணை அலிகரும் கோழிக்கோடும். இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அயோத்திக் கிளர்ச்சியின் ஆண்டுகளில் அலிகர் எரிந்தது; கோழிக்கோடு அமைதி காத்தது.

நாற்பதாண்டுக்கு முன் வினவப்பட்ட அதே அலிகர் மீண்டும் வினவப்பட்டது. ஆனால் கேள்விகள் வேறு. மற்ற மதத்தவருடன் சேர்ந்து உண்கிறீர்களா? பிள்ளைகள் கூடி விளையாடுகிறார்களா? ஒருவர் வீட்டிற்கு மற்றவர் போய்வருவது உண்டா? கோழிக்கோட்டில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் சேர்ந்து உண்பதாகக் கூறினர், அலிகரில் 54. பிள்ளைகள் கூடி விளையாடுவதாகக் கூறியோர் அங்கே ஏறத்தாழ 90, இங்கே 42.

இவ்வெண்கள் வகுப்பறைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. வார்ஷ்னியின் வாதம் இவற்றுடன் நிற்கவில்லை என்பது அதே வேகத்தில் மறக்கப்படுகிறது. அன்றாடப் பழக்கம் ஒரு சிற்றூருக்குப் போதும், பெருநகருக்குப் போதாது என்கிறார் அவர். வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் போன்ற கலப்பு அமைப்புகள் இருந்தாலே வதந்தி பரவும் இரவில் யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பது தெளிவாக இருக்கும். அலிகரில் 1990இன் வன்முறையின்போது, பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்து நோயாளிகள் கொல்லப்படுவதாகப் பொய்ச் செய்தி அச்சேறியது. அதை அந்த நேரத்திலேயே சரிபார்த்துச் சொல்ல இரு தரப்பும் நம்பும் அமைப்பு அந்நகரில் இல்லை.

இனி ஒரு சொல்லுக்கு வருகிறேன். ஆங்கில வினாநிரல்களின் ‘கம்யூனிட்டி’ தமிழில் ‘சமூகம்’ அல்லது ‘சமுதாயம்’ ஆகிறது. இந்தியில் ‘சமாஜ்’, ‘சமுதாய்’. ஏட்டில் இது சரியான மொழிபெயர்ப்பு. தெருவிலோ, ‘எங்கள் சமுதாயம்’ என்பதன் பொருள் சாதி. ‘உங்கள் சமுதாயத்தில் ஒற்றுமை உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘நிரம்ப உள்ளது’ என்று ஒருவர் பதிலளித்தால், ஆய்வாளர் ஊரின் வலிமையைக் குறித்துக்கொள்கிறார். பதிலளித்தவர் தம் சாதியின் கட்டுக்கோப்பைச் சொல்லியிருப்பார். சில ஊர்களில் பிளவுக்குக் காரணமானதே அதுவாக இருக்கக்கூடும்.

இது கற்பனையான அச்சமன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோர ஊர்களை ஆராய்ந்த டேனியல் ஆல்ட்ரிச், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் வலுவாக இருந்த இடங்களில் நிவாரணம் விரைந்து வந்து சேர்ந்ததைக் கண்டார். அதே பஞ்சாயத்துகளின் பயனாளிப் பட்டியல்களில் தலித்துகளும் பெண்களும் பிற விளிம்புநிலையினரும் விடுபட்டதையும் கண்டார். மீள வைத்த ஒற்றுமையும் விலக்கிய ஒற்றுமையும் ஒன்றே. உள்ளிணைப்பை மட்டும் அளக்கும் குறியீட்டில் அவ்வூர் முழு மதிப்பெண் பெறும்.

இந்திய மொழிகள் சில இங்கே ஆய்வாளருக்குக் கை கொடுக்கக்கூடும். கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. தெலுங்கின் ‘மனம்’, ‘மேமு’, மலையாளத்தின் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’, குஜராத்தியின் ‘ஆப்ணே’, ‘அமே’ ஆகியனவும் அத்தகையன. இந்தியின் ‘ஹம்’, வங்கத்தின் ‘ஆம்ரா’ இரண்டிலும் அது மங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது இல்லவே இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளரிடம் பேசுபவர் இயல்பாகவே ‘நாங்கள்’ என்பார். ஆகவே அச்சொல்லை ஒரு முறை கேட்டு முடிவுகட்ட இயலாது. அடுத்த தெருக்காரர் அருகில் நிற்கும்போது அவரை நோக்கி எச்சொல் வருகிறது என்பதே கவனிக்கத்தக்கது. ஆனால் நம் களக்குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. இரண்டும் ‘வி’ ஆகிவிடுகின்றன.

2004–05இல் 41,000க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு ஒரு நல்ல கேள்வியைக் கேட்டது. தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் இங்குள்ளோர் ஒன்றுகூடித் தீர்ப்பார்களா, அவரவர் குடும்பத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்களா என்பது அதன் சாரம். ஒற்றுமை என்ற சொல்லே இல்லாத கேள்வி, எவருக்கும் விளங்கும். என்றாலும், தெருவுக்கொரு குழாய் தனித்தனியே உள்ள ஊரில் ‘எல்லோரும் கூடுவோம்’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ‘எல்லோரும்’ அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். வினாநிரலில் அதன் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: கடைசியாகக் கூடியபோது எந்தெந்தத் தெருக்காரர்கள் வந்தார்கள்?