கற்றுக்கொள்ளப்படாத சொல்

தமிழில் குழந்தையைப் பற்றி எழுத உட்காருகிறவர் எவரும் 'மழலை' என்ற சொல்லில் வந்து விழாமல் தப்புவதில்லை. குழலையும் யாழையும் மழலைக்குக் கீழே வைத்த குறள் அந்த அளவுக்கு நம் நாக்கில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் அந்தக் குறள் பேசுவது காதைப் பற்றி. கேட்கிறவனின் இன்பம்தான் அங்கே விஷயம். குழந்தை என்ன சொல்லிற்று என்ற கேள்வி அதில் எழவே இல்லை. இந்தக் கேள்வி எப்போது எழுந்தது, யார் கேட்டார்கள், கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம்முடைய இடம் எது என்று பார்ப்பது நம் எழுத்துக்கு உபயோகமாக இருக்கும்.

முதலில் நம் வீட்டுக் கணக்கு. புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி ஒரு குழந்தையைப் பார்க்கிறான். உண்மையாகவே பார்க்கிறான். குறுகக் குறுக அடி வைத்து வருவதும், கையை நீட்டிக் கலத்தில் விட்டுத் துழாவுவதும், சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்வதும் ஒவ்வொரு வினையாக அடுக்கப்படுகின்றன. இனிமை, அழகு என்ற தீர்ப்புக்கு முன்னால் கண் வேலை செய்திருக்கிறது. அந்தப் பாட்டில் குழந்தை நடக்கிறது, தொடுகிறது, சிந்துகிறது. பேசவில்லை.

பிறகு பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் யசோதையின் குரலை எடுத்துக்கொண்டு கண்ணனின் தளர்நடைக்குத் தனியாக ஒரு பதிகம் வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மீது பாடியபோது அது தனிப் பிரபந்தமாயிற்று. பிறகு பருவங்கள் பத்து என்று நிலைத்துவிட்டன. காப்பு 3ஆம் மாதம், செங்கீரை 5ஆம் மாதம் என்று இரண்டிரண்டு மாதமாக ஏறி, 13ஆம் மாதம் வருகையில் நடை வந்து, 21ஆம் மாதம் சிறுதேரில் முடிகிறது. தலை நிமிர்வது, கை கொட்டுவது, நடப்பது என்ற வரிசை எந்தத் தாயும் ஒப்புக்கொள்ளக் கூடியதே. ஆனால் பத்தில் பேச்சுக்கென்று ஒரு பருவம் இல்லை. 'தால்' என்றால் நாக்கு. ஆனால் தாலப் பருவத்தில் அசைவது தாயின் நாக்கு. 11ஆம் மாதம் குழந்தையின் வாய் வேண்டப்படுகிறது, முத்தத்துக்காக. 

இலக்கணமாகச் சொன்னால், பிள்ளைத்தமிழில் குழந்தை எப்போதும் முன்னிலை. காப்பில் தெய்வங்களையும் அம்புலியில் நிலவையும் விளித்தாலும், மற்ற இடங்களில் ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று ஏவல் வினைகள் குழந்தையை நோக்கியே வந்துகொண்டிருக்கின்றன. குழந்தை நடப்பதை நாம் காண்பதில்லை. நடந்து வரும்படி அழைக்கப்படுவதைக் கேட்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது மீனாட்சியே சிறுமியாக வந்ததாக ஒரு கதை உண்டு. வந்தாள், மன்னன் கழுத்து மாலையைக் கழற்றிப் புலவருக்கு இட்டாள், மறைந்தாள். கதையிலும் அவள் பேசியதாகச் சொல்வதில்லை.

குழந்தையை அழைக்காமல் அதன் சொல்லை மட்டும் கேட்க விரும்பியவர்கள் அரசர்கள். எகிப்தின் சம்மட்டிகஸ் இரண்டு சிசுக்களை ஓர் இடையனிடம் கொடுத்து, அவர்கள் முன் யாரும் வாய் திறக்கக் கூடாதென்று கட்டளையிட்டதாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். இரண்டு வருஷம் கழித்துக் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு 'பெகோஸ்' என்றனவாம். ஃப்ரிஜிய பாஷையில் அது ரொட்டி. ஆகவே உலகின் ஆதி ஜனங்கள் ஃப்ரிஜியர் என்று அரசன் முடிவு கட்டினான். குடிசைக்கு வந்துபோன ஆடுகளின் கத்தலைத்தான் குழந்தைகள் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும் என்று பழைய உரைகாரர்களே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் அக்பர், 1578 வாக்கில், சிசுக்களை ஒரு தனிக் கட்டடத்தில் வைத்து இதே பரிசோதனையைச் செய்தார். அபுல் ஃபசலும் பதாயூனியும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது குழந்தைகளிடம் பாஷை இல்லை. ஊமைகளின் மாளிகை என்று அந்த இடத்துக்குப் பெயர் வந்தது.

இந்தக் கொடுமையிலிருந்து கற்க ஒன்று உண்டு. பேச்சு குழந்தைக்குள் விதை மாதிரி இருந்து தானே முளைப்பதல்ல. பதில் சொல்லத் தெரியாத ஜீவனிடம் யாரோ ஒருத்தி, அது புரிந்துகொள்ளும் என்பது போலப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைத்தமிழின் முன்னிலை இந்த உண்மையின்மேல் நிற்பது. அதை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. குறை அழைப்பில் இல்லை. அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திராததில் இருக்கிறது.

காத்திருந்தவர்கள் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். 1839 டிசம்பர் 27ஆம் தேதி லண்டனில் டார்வினுக்கு மூத்த மகன் வில்லியம் பிறந்தான். பிறந்த வாரமே குறிப்புகள் தொடங்குகின்றன. தும்மல், விக்கல், கொட்டாவி; 7ஆம் நாள் உள்ளங்காலில் காகிதம் பட்டதும் காலை இழுத்துக்கொண்டது; 9ஆம் நாள் மெழுகுவர்த்தியில் கண் நிலைத்தது. முந்தைய வருஷம்தான் அவர் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஓர் ஒராங்குட்டானை இதே கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். இங்கே குழந்தை படர்க்கையாகிவிட்டது என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் சரியாக ஒரு வயதில் அந்தப் படர்க்கை ஒரு காரியம் செய்கிறது. 'மம்' என்று ஒரு சொல்லை உண்டாக்குகிறது. உணவு என்று அதற்கு அர்த்தம். யாரும் கற்றுக்கொடுத்ததல்ல. 'மம்' என்றால் உணவு, 'மம்' என்றால் உணவு கொடு; கடைசியில் குரலை ஏற்றினால் கேள்வி. சர்க்கரைக்கு 'ஷு-மம்'. அதிமதுர மிட்டாய்க்குக் கறுப்பு என்ற சொல்லைச் சேர்த்து 'கறுப்பு-ஷு-மம்'. டார்வின் இதை இனிமை என்று சொல்லவில்லை. ஒரு சொல் பிறந்து, கிளைத்து, அடைமொழி பெறுவதை வரிசைப்படுத்தி எழுதினார். மழலை என்று நாம் தலையைத் தடவிவிட்டுப் போகும் இடத்தில் ஒரு இலக்கணம் இருக்கிறது.

குறிப்பு எடுத்த கை ஈரமில்லாத கை என்று நினைப்பதற்கில்லை. வில்லியத்துக்கு அடுத்துப் பிறந்த ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். ஒரு வாரம் கழித்து டார்வின் அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் எழுதியவை. பிரசுரத்துக்கு அல்ல. இன்னொன்று, அந்த நோட்டில் எம்மாவின் கையெழுத்தும் இருக்கிறது. குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் அவ்வப்போது பேனாவையும் எடுத்திருக்கிறது. வில்லியம் பின்னாளில் சவுதாம்ப்டனில் வங்கித் தொழில் செய்தார். வங்கிக் குமாஸ்தாவாகிய எனக்கு இதில் ஒரு அல்ப திருப்தி.

டார்வின் அந்தக் குறிப்புகளை 37 வருஷம் போட்டு வைத்திருந்தார். 1877இல் 'மைண்ட்' என்ற பத்திரிகையில் அவை கட்டுரையாக வந்தன. தூண்டியது அதே பத்திரிகையில் சில மாதங்களுக்கு முன் மொழிபெயர்ப்பில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் பிரெஞ்சு விமர்சகர் தேன், இலக்கியத்தை இனம், சூழல், காலம் என்று மூன்றாகப் பகுத்து விளக்கியவர். அவர் பார்த்தது ஒரு பெண்குழந்தையை. அவள் 'தெம்' என்று ஒரு சொல் வைத்திருந்தாள். கொடு, எடு, இதோ பார், இங்கே கவனி என்று எல்லாம் அதில் அடங்கும். பெரியவர்கள் பாஷையில் அதற்குச் சமமான ஒற்றைச் சொல் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்தச் சொல் போய்விட்டது. காரணத்தையும் தேன் எழுதுகிறார்: அந்தச் சொல் எங்கள் கருத்து எதற்கும் பொருந்தவில்லை, நாங்கள் அதைக் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் அவள் விட்டுவிட்டாள்.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். குழந்தை பேசக் கற்றுக்கொள்கிறது என்கிறோம். அதற்கு மறுபுறம் ஒன்று உண்டு. குழந்தை ஒரு பாஷையைக் கொண்டுவந்து நம்மிடம் கொடுத்துப் பார்க்கிறது. நாம் வாங்கிக்கொள்ளாதபோது நம்முடையதை ஏற்றுக்கொள்கிறது.

எங்கள் வீட்டில் அக்காவின் பெண்ணுக்குப் பதினான்கு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி, விட்டுவிட்டு இரண்டு அடி. அவளிடம் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 'ஆச்சு'. சோறூட்டி முடித்து வாயைத் துடைக்கும்போது அக்கா 'ஆச்சு, ஆச்சு' என்பாள், அங்கிருந்து எடுத்தது. ஆனால் மின்சாரம் போனால் அவளுக்கு ஆச்சு. தெருவில் பஸ் திரும்பி மறைந்தால் ஆச்சு. தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டினால், தாத்தா இருந்த நாற்காலியைக் காட்டி ஆச்சு. கீழே விழுந்தாலும், அழுகை ஓய்ந்த பிறகு, விழுந்த இடத்தைப் பார்த்து ஆச்சு. முடிந்தது, இல்லை, போய்விட்டது, இருந்த இடம் காலி என்று நாம் வேறு வேறாக வைத்திருக்கும் நாலைந்தை அவள் ஒன்றாகக் கண்டிருக்கிறாள். வீட்டில் இதற்குச் சிரிக்கிறோம். யாராவது வந்தால், 'மாமாவுக்கு ஆச்சு சொல்லிக் காட்டு' என்கிறோம். ஏவல் வினை. அப்போது அவள் சொல்வதில்லை. காலியாகாத இடத்தைப் பார்த்து அவள் ஏன் அதைச் சொல்ல வேண்டும்?

அதிகமாகக் காத்திருந்தவர்கள் ஸ்டெர்ன் தம்பதி. கிளாரா, வில்லியம் இருவரும் அன்று ஜெர்மனியின் ப்ரெஸ்லாவில் தொடங்கி, 1900இல் மூத்த பெண் பிறந்ததிலிருந்து 1918 வரை, மூன்று குழந்தைகளுக்கும் நாட்குறிப்பு எழுதினார்கள். ஏறக்குறைய 5,000 பக்கம், பெரும்பகுதி தாயின் கையெழுத்து. 1907இல் குழந்தை மொழி பற்றிய புத்தகம் இருவர் பெயரிலும் வந்தது. அதே வில்லியம் ஸ்டெர்ன்தான் 1912இல் மன வயதை உடல் வயதால் வகுத்து நுண்ணறிவு ஈவு என்ற எண்ணையும் உலகத்துக்குக் கொடுத்தார். கேட்கிற காதும் அளக்கிற கோலும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன. பின்னால் உலகம் கோலை எடுத்துக்கொண்டது. யூதர் என்பதால் 1933இல் அவர் பதவி போயிற்று. 1938இல் அமெரிக்காவில் இறந்தார். 

அந்த மூன்று குழந்தைகளில் நடுவன், 1902இல் பிறந்த கூந்தர், தத்துவவாதியானார். மனிதன் தன்னால் கற்பனை செய்ய முடியாததை உற்பத்தி செய்யக் கூடியவனாகிவிட்டான் என்பது அவருடைய வாதம். ஹிரோஷிமாவைப் பற்றி விடாமல் எழுதினார். ஸ்டெர்ன் என்ற பெயரை விட்டு 'ஆண்டர்ஸ்' என்று வைத்துக்கொண்டார். அந்த ஜெர்மன் சொல்லுக்கு 'வேறாக' என்று அர்த்தம். பத்திரிகை ஆசிரியர் ஒருவர், வேறு எப்படியாவது பெயர் வைத்துக்கொள் என்றதால் அதையே வைத்துக்கொண்டார் என்று கதை. முன்னிலையாகவும் படர்க்கையாகவும் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஒரு குழந்தை, தன்மையில் தனக்கென்று எடுத்துக்கொண்ட சொல் அது.

தேன் விட்ட இடத்தை நேராகப் பிடித்தவர் மொழியியலாளர் ஹாலிடே. தன் மகனை ஒன்பதாம் மாதத்திலிருந்து கவனித்து 1975இல் புத்தகமாக்கினார். தாய்மொழி வருவதற்கு முன்பே அவனிடம் சொந்தமாக ஒரு ஒலி-அர்த்த ஏற்பாடு இருந்ததையும், வீட்டார் அதைப் புரிந்துகொண்டு பதில் சொன்னதால் அது இயங்கியதையும் காட்டினார். அங்கே பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இனி நம் உரைநடை. நம் சிறுகதைகளில் வரும் குழந்தைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவை பேசுவது பெரியவர்களின் வாக்கியம். ரகரத்தை எடுத்துவிட்டு யகரத்தைப் போட்டால், சகரத்தைத் தகரமாக்கினால் மழலை தயார் என்பது எழுதுகிறவர்கள் நம்பிக்கை. எழுத்து சிதைந்திருக்கிறது, சிந்தனை நாற்பது வயதுக்காரருடையது. குழந்தையை அவர்கள் கேட்டதில்லை. கேட்டால் எப்படி இனிக்கும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரியும். பிள்ளைத்தமிழ்ப் புலவராவது பாட்டுடைத் தலைவன் தெய்வம் அல்லது அரசன் என்று சொல்லித் தப்பலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

யதார்த்தம் என்று மேடைபோட்டுப் பேசுகிறோம். நடை வருவதற்கு முன் விழுவது எத்தனை, விழுந்ததும் குழந்தை முதலில் பார்ப்பது முட்டியையா, நம் முகத்தையா என்று எழுத நம்மிடம் வாக்கியம் இருக்கிறதா? அறிவுடை நம்பியிடம் நடைக்கு இருந்தது. பேச்சுக்கு இனிமேல்தான் எழுத வேண்டும். அதற்குத் தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. தேதி, குழந்தை சொன்ன சொல், அதை எதைப் பார்த்துச் சொல்லிற்று, வீட்டில் யார் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று நாலு பத்தி போட்ட ஒரு நோட்டுப் போதும். நாலாவது பத்தியைத்தான் நிரப்புவது கஷ்டம்.