ரோஸியின் முகமும் நம் கேமராவும்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் தம்பி தங்கைகள் சிலர் குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் "எங்க ஆயாவோட போட்டோ ஒண்ணுகூட இல்லையே, எதை வெச்சு வரலாறு எடுக்கிறது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. சினிமா வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' நாயகி பி.கே. ரோஸி. புலையர் சமூகத்தில் பிறந்தவர், காக்கரிசி நாடகக் கலைஞர். இயக்குநர் ஜே.சி. டேனியல் அவரை நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடியபோது சாதி இந்துக்கள் கொதித்தார்கள். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வருவதா என்று திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோஸியின் குடிசையைக் கொளுத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, நடிகை என்பதையே மறைத்து நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படச்சுருளும் இன்று இல்லை.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களும் இதே வெற்றிடத்தைச் சந்தித்தார்கள். 1996இல் செரில் டூனியே 'தி வாட்டர்மெலன் உமன்' எடுத்தார். வீடியோ கடையில் வேலை செய்யும் கறுப்பினப் பெண் ஒருத்தி, 1930களில் வேலைக்காரி வேடங்களில் நடித்த ஒரு கறுப்பின நடிகையைத் தேடிப் போகிறாள். பழைய புகைப்படங்களும் படத்துண்டுகளும் கிடைக்கின்றன. கடைசியில்தான் தெரிகிறது, அந்த நடிகையே கற்பனை என்று. ஆவணக் காப்பகம் தராத முன்னோரை டூனியே தானே படைத்துக்கொண்டார், அதைப் படத்திலேயே ஒப்புக்கொள்ளவும் செய்தார். பொய் வரலாறு எழுதுபவர்கள் இப்படி ஒப்புக்கொள்வதில்லை.

ஜூலி டாஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991) 1902இல் நடக்கும் கதை. தீவை விட்டு வடக்கே புறப்படும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையை, இன்னும் பிறக்காத பெண் குழந்தையும் சொல்கிறாள். வரப்போகும் தலைமுறையின் கண்ணால் பழங்காலத்தைப் பார்க்கும் துணிச்சல் அது.

நம்மிடமும் அந்தத் துணிச்சல் இருக்கிறது. பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) படத்தில் நாடகக் குழு ஒன்று காதலையும் ஆணவக் கொலையையும் நாடகமாக்குகிறது. அதன் நாயகி ரெனே ஒரு தலித் பெண். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டவள், யாருக்கும் தன்னை மறைக்காதவள். ரோஸி மறைந்து வாழ நேர்ந்தது என்பதை நினைத்தால் ரெனேயின் அருமை புரியும். ரோஸியின் பெயரில் நீலம் பண்பாட்டு மையம் திரைப்பட விழாவும் நடத்துகிறது.

எனவே தோழர்களே, போட்டோ இல்லை என்று நிற்க வேண்டாம். முதலில் ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள், அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். அவருக்கு நினைவில்லாததைக் கற்பனையால் நிரப்புங்கள். எது நினைவு, எது கற்பனை என்பதைப் படத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் எப்படி வாழ ஆசைப்பட்டார் என்று கேட்க மறக்காதீர்கள். அதையும் படமாக்க வேண்டும்.

ஜெய் பீம்!