உதவி மானியக் கணக்கின் வரலாறு: சான்றிதழிலிருந்து மென்பொருள் வரை

ஓர் அரசு மற்றோர் அரசுக்கோ, தன்னாட்சி நிறுவனத்துக்கோ, தொண்டு அமைப்புக்கோ ஒரு குறிப்பிட்ட பணியின் பொருட்டு வழங்குவதும், திருப்பித் தரவேண்டாததும், ஆனால் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டதுமான நிதி உதவி மானியம் எனப்படும். இந்தியாவில் இம்முறை 1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் கல்வி அறிக்கையால் வேரூன்றியது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு பணம் தரலாம், அதற்கு ஈடாக அப்பள்ளிகள் அரசின் ஆய்வுக்கு உட்படவேண்டும் என்று அவ்வறிக்கை வகுத்த நெறியின் தொடர்ச்சியாகவே இன்றும் தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளிகள் இயங்குகின்றன. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 275ஆம் உறுப்பு மாநிலங்களுக்கான மானியங்களுக்கும், 282ஆம் உறுப்பு பொதுநோக்கம் எதற்காகவும் வழங்கப்படும் மானியங்களுக்கும் இடமளித்தன. பணம் தருவோர் ஒருவர், செலவிடுவோர் வேறொருவர் என்ற அமைப்பிலேயே, கொடுத்த பணம் உரிய பணியைச் சென்றடைந்ததா என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

இக்கேள்விக்கு நீண்டகாலம் விடையாக இருந்தது பயன்பாட்டுச் சான்றிதழ் என்னும் ஒரு தாள். அமைச்சகம் நிதி ஒப்பளிப்பு ஆணை பிறப்பித்துப் பணத்தை விடுவிக்கும். பெற்ற நிறுவனம், அப்பணம் எதற்காக ஒப்பளிக்கப்பட்டதோ அதற்கே செலவிடப்பட்டது என்று நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் சான்றளிக்கவேண்டும் என்பது மைய அரசின் பொது நிதி விதிகள் விதிக்கும் கடமையாகும். இம்முறையின் குறை காலத்தாழ்வு மட்டுமன்று. மாநிலத் தலைமையகம் மாவட்டத்துக்கும், மாவட்டம் ஒன்றியத்துக்கும், ஒன்றியம் ஊராட்சிக்கும் பணத்தை அனுப்பும்போது, அனுப்பிய அலுவலகத்தின் ஏட்டில் அது செலவாகவே பதியப்படுவதும், கீழ்நிலை வங்கிக் கணக்கில் அப்பணம் செலவாகாமல் கிடக்கும்போதே மேலே சான்றிதழ் சென்றுவிடுவதும் இயல்பாக இருந்தன. மேலும், நிதியாண்டு முடிந்தால் ஒதுக்கீடு காலாவதியாகும் என்பதால் மார்ச் மாதத்தில் பெருந்தொகைகளை அவசரமாக விடுவிக்கும் பழக்கம் வளர்ந்தது. ஆண்டின் இறுதி மாதங்களில் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்குக்கு முரணானது என்று விதிகள் கூறியும் அது நிற்கவில்லை.

கணக்கு வைக்கும் முறையில் முதற்பெரும் மாற்றம் 1976இல் நிகழ்ந்தது. அதுவரை மைய அரசின் கணக்கைத் தொகுப்பதும் அதனைத் தணிக்கை செய்வதும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் துறையிடமே இருந்தன. அவ்வாண்டு கணக்குப் பணி பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கெனச் சம்பளம் மற்றும் கணக்கு அலுவலகங்களை அமைத்துக்கொள்ள, அவற்றுக்கெல்லாம் மேலாகக் கணக்குகளின் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பதவி உருவாக்கப்பட்டது. பின்னர் வந்த 'காம்பேக்ட்' என்னும் மென்பொருள் இவ்வலுவலகங்களின் பட்டியல் சரிபார்ப்பையும் கணக்குப் பதிவையும் கணினிக்குக் கொண்டுவந்தது. 'இ-லேகா' என்னும் இணையவழி அமைப்பு அவற்றின் கணக்குகளை ஓரிடத்தில் தொகுத்தது. ஆயினும் இவ்விரண்டின் பார்வையும் அமைச்சகத்தின் வாசலோடு முடிந்தது. எவ்வளவு பணம் வெளியேறியது என்பதை அவை துல்லியமாகக் கூறின. வெளியேறிய பணம் எங்கே தங்கியது என்பதைக் கூற அவற்றுக்கு வழியில்லை.

இந்தக் குறையைத் தாங்கமுடியாததாக்கியது 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பெருந்திட்டங்களின் வளர்ச்சியாகும். அனைவருக்கும் கல்வி இயக்கம், தேசிய ஊரக சுகாதார இயக்கம் போன்றவற்றுக்கான மைய அரசின் நிதி, மாநில அரசின் கருவூலத்தைத் தொடாமல், சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்ட செயலாக்க அமைப்புகளின் வங்கிக் கணக்குகளுக்கு நேராகச் சென்றது. அதனால் மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் அளிக்கும் வரவு செலவுத் திட்டத்திலும் அப்பணம் முழுமையாக இடம்பெறவில்லை. இச்சூழலில், மையத் திட்டங்களின் நிதியைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று 2008-09இல் திட்டக்குழுவின் திட்டமாகத் தொடங்கப்பட்டு, கணக்குகளின் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் விடப்பட்டது. மத்தியப் பிரதேசம், பீகார், பஞ்சாப், மிசோரம் ஆகிய 4 மாநிலங்களில், ஊரக வேலை உறுதி, ஊரக சுகாதாரம், அனைவருக்கும் கல்வி, கிராமச் சாலை ஆகிய 4 திட்டங்களுக்கு அது முதலில் சோதிக்கப்பட்டது.

இன்று பொது நிதி மேலாண்மை அமைப்பு, அதாவது பி.எஃப்.எம்.எஸ்., என்று அறியப்படும் இம்மென்பொருளின் அடிப்படைக் கருத்து எளியது. மானியம் பெறும் ஒவ்வோர் அமைப்பும் தன் வங்கிக் கணக்குடன் பதிவுசெய்து தனக்கென ஒரு குறியீட்டைப் பெறவேண்டும்; ஒப்பளிப்பு ஆணை மென்பொருளுக்குள்ளேயே உருவாகவேண்டும்; வங்கிகளின் மையக் கணினியோடு அது இணைந்திருப்பதால், பெறுபவரின் கணக்கு உண்மையானதா என்பது பணம் செல்லுமுன்பே சரிபார்க்கப்படும். இதனினும் நுட்பமானது, செலவு, முன்பணம், மாற்றல் என்று பணத்தின் அசைவை மூன்றாகப் பிரித்த பகுதியாகும். கீழ்நிலை அலுவலகத்துக்கு அனுப்பியது மாற்றல். பணி முடியுமுன் கொடுத்தது முன்பணம். பணியோ பொருளோ கிடைத்து அதற்கெனக் கொடுத்ததே செலவு. தாளில் கலந்துகிடந்த இம்மூன்றும் பிரிந்தபோதுதான், செலவு என்று காட்டப்பட்டதில் எவ்வளவு வெறும் இடமாற்றம் என்பது புலப்படத் தொடங்கியது.

2013இல் இவ்வமைப்பை நாடு முழுவதற்கும் விரிவுபடுத்த முடிவெடுக்கப்பட்டது. 2014-15 முதல் மையத் திட்ட நிதி மீண்டும் மாநிலங்களின் தொகுநிதி, அதாவது அரசின் வருவாயெல்லாம் சேரும் முதன்மை நிதி, வழியாகவே செல்லவேண்டும் என்றானதால், மாநிலக் கருவூல மென்பொருள்களோடு பி.எஃப்.எம்.எஸ். இணைவது இன்றியமையாததாயிற்று. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்னும் கணினி அமைப்பைத் தமிழ்நாட்டுக் கருவூலங்கள் கைக்கொண்டதும் இந்தப் பெருமாற்றத்தின் காலத்திலேயே ஆகும்.

ஆயினும் பணம் எங்கே தேங்கிக் கிடக்கிறது என்று காண்பதால் மட்டும் தேக்கம் கரைவதில்லை. அரசு ஒருபுறம் வட்டிக்குக் கடன் வாங்க, மறுபுறம் அதன் பணமே எண்ணற்ற வங்கிக் கணக்குகளில் பயனின்றிக் கிடந்தது. எனவே 2021 மார்ச்சில் வந்த ஆணை, ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்துக்கு ஒரே ஒருங்கிணைப்பு முகமை, ஒரே முதன்மைக் கணக்கு என்று வகுத்து, கீழ்நிலை அமைப்புகள் இருப்பற்ற கணக்குகளிலிருந்து தமக்குரிய வரம்புக்குள் செலவிடச் செய்தது. ஒரு தவணையில் 25 சதவீதத்துக்கு மேல் விடுவிக்கக் கூடாது, முன்பு விடுவித்ததில் 75 சதவீதமேனும் செலவான பின்பே அடுத்தது என்ற விதி அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் அறிமுகமான 'ஸ்பர்ஷ்' முறை இன்னும் ஒரு படி சென்று, பணத்தை முன்கூட்டியே எந்த வணிக வங்கியிலும் வைக்காமல், செலவு நேரும் பொழுதில் ரிசர்வ் வங்கியின் 'இ-குபேர்' என்னும் கணினி அமைப்பின் வழியாகவே விடுவிக்க வகைசெய்தது.

இச்சீர்திருத்தத்தின் சுமை எல்லோர் மேலும் சமமாக விழவில்லை. தலைநகரின் அமைச்சகத்துக்குத் திரையில் தெளிவு கூடியபோது, ஒரு பணியாளரே கணக்கையும் களப்பணியையும் பார்க்கும் சிற்றூர் அலுவலகத்துக்குப் புதிய பதிவுகளும் புதிய தவணை விதிகளும் கூடின. பெயரின் ஓர் எழுத்து வங்கியில் ஒருவிதமாகவும் திட்டப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் பணம் திரும்பிவிடும். அதனால் கூலியோ உதவித்தொகையோ கிடைக்காமல் தவிப்பவர் அந்தப் பிழையைச் செய்தவர் அல்லர்.

இவ்வரலாறு உணர்த்தும் முடிவு ஒன்றே. பழைய விதியை வைத்துக்கொண்டு கணினியை மட்டும் புகுத்திய கட்டத்தில் கணக்கு விரைவடைந்தது. பணம் செல்லும் வழியையே மாற்றிய கட்டங்களில்தான் நிர்வாகம் மாறியது. ஆதலின் மானிய மென்பொருளைப் புதுப்பிக்க முனையும் எந்தத் துறையும், எத்தனை ஆணைகள் கணினியில் உருவாயின என்பதைக் கொண்டு தன் வெற்றியை அளத்தல் தகாது. பணம் உரியவர் கைக்கு எத்தனை நாளில் சென்றது, திரும்பிய பணம் எவ்வளவு விரைவில் சரிசெய்யப்பட்டது என்பவற்றையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.