இழை உணவும் தானியமும்

மாவைப் பிசைந்து, இழையாகவோ குழலாகவோ வடித்து, உலர்த்தி வைத்து, வேண்டும்போது வேகவைத்து உண்ணும் வழக்கம் மிகப் பழமையானது. இத்தாலியர் அவ்வுணவைப் பாஸ்தா என்பர். நாம் சேமியா என்றும் சேவை என்றும் வழங்குகிறோம். இன்று நம் நகரங்களில் விற்கப்படும் இழை உணவுகளுள் பெரும்பகுதி மைதாவினால் ஆனது. நீரிழிவும் உடற்பருமனும் பெருகிவரும் இந்நாளில், இதற்கு மாற்று யாது என்ற வினா பல இல்லங்களில் எழுகின்றது. அவ்வினாவை மருத்துவரிடம் கேட்பது முறையே. ஆயினும் வரலாற்றிடமும் அதனைக் கேட்டுப் பார்க்கலாம். ஏனெனில் நாம் மாற்று என்று கருதுபவற்றுள் பல, உண்மையில் மைதாவுக்கு மூத்தவை.

சீன நாட்டின் சிங்காய் மாநிலத்தில், மஞ்சள் ஆற்றின் மேற்பகுதியில், லாஜியா என்னும் தொல்லூர் ஒன்று உண்டு. ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலநடுக்கமும் வெள்ளமும் அவ்வூரை அழித்தன. அங்கே சுமார் மூன்று மீட்டர் வண்டலின் அடியில், கவிழ்ந்து கிடந்த மண்கலம் ஒன்றனுள் மெல்லிய மஞ்சள் இழைகள் கிடைத்தன. 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி அவை தினையும் பனிவரகும் கொண்டு செய்யப்பட்டவை. பசைத்தன்மை குறைந்த அத்தானியங்களை எம்முறையில் இழையாக்கினர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய இழை உணவு கோதுமையால் ஆனதன்று, சிறுதானியத்தால் ஆனது என்பது நம் சிந்தனைக்கு உரியது.

கோதுமை இழையின் வரலாறு வேறிடத்தில் தெளிவாகத் தொடங்குகின்றது. சிசிலித் தீவை ஆண்ட நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்னும் அரபுப் புவியியலறிஞர் 1154-இல் ஒரு நூலை முடித்தார். சிசிலியின் திராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' எனப்படும் இழை உணவு பெருமளவில் செய்யப்பட்டு, கலங்களில் ஏற்றப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்பப்பட்டதை அவர் குறித்துள்ளார். ஜெனோவா நகரில் 1279-இல் எழுதப்பட்ட உடைமைப் பட்டியல் ஒன்றில் மக்ரோனி நிறைந்த பெட்டி ஒன்று இடம்பெறுகின்றது. மார்க்கோ போலோ நாடு திரும்பியதோ 1295-இல். ஆகவே, அவர்தாம் சீனத்திலிருந்து இவ்வுணவைக் கொணர்ந்தார் என்பது வெறும் கதையே.

இத்தாலியரின் பாஸ்தாவிற்கு அடிப்படை, டியூரம் எனப்படும் கடினக் கோதுமையின் ரவை. அதில் புரதம் மிகுதி. வெந்தாலும் இழை குழையாது. உலர்ந்த பாஸ்தாவை இக்கோதுமை ரவையைக் கொண்டே செய்தல் வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமும் இயற்றியது. இக்கோதுமை நமக்கு அயலானதன்று. மாளவத்திலும் பந்தேல்கண்டிலும் அது நெடுங்காலமாக விளைகின்றது. பந்தேல்கண்டில் அதற்குக் கட்டியா என்று பெயர். இதன் மூதாதையான எம்மர் கோதுமை மராட்டியத்திலும் வட கர்நாடகத்திலும் கப்ளி என்னும் பெயரால் இன்றும் பயிராகின்றது. அதனையே தமிழர் சம்பா கோதுமை என்பர்.

அவ்வாறாயின், இழை உணவு ஊட்டம் குன்றியது எக்காலத்தில்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரி நாட்டில் வளர்ச்சியுற்ற எஃகு உருளை ஆலைகளில் இதற்கு விடை காணலாம். கோதுமை மணியில் மூன்று பகுதிகள் உள்ளன: மேலே தவிடு, உள்ளே மாவுப்பகுதி, ஓரத்தில் முளைக்கரு. பழைய கல் எந்திரம் மூன்றையும் சேர்த்தே அரைத்தது. புதிய உருளைகளோ தவிட்டையும் முளைக்கருவையும் முற்றப் பிரித்து, வெண்மையான மாவை மட்டும் தந்தன. முளைக்கருவில் உள்ள எண்ணெய் நீங்கியமையால் மாவு நெடுநாள் கெடாதிருந்தது. வாணிகத்திற்கு அது பேருதவி ஆயிற்று. ஆனால் நார்ச்சத்தும் வைட்டமின்களும் தாதுக்களும் தவிட்டோடு போயின. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உள்ளது. மைதாவில் அது 3 கிராமுக்கும் குறைவு.

தானியத்தை வெளுப்பதனால் வரும் கேட்டினை உலகிற்கு முதலில் உணர்த்தியது கோதுமையன்று, அரிசியே. ஜப்பானியத் தலைநகராகிய எடோவில் வாழ்ந்த செல்வரும் படைவீரரும் தீட்டிய வெள்ளரிசியை உண்டு கால் வீங்கி, இதயம் தளர்ந்து வருந்தினர். சிற்றூர்களுக்குத் திரும்பியதும் நலமுற்றனர். ஆகவே அதனை 'எடோ நோய்' என்றே அழைத்தனர். பின்னாளில் பெரிபெரி என அறியப்பட்ட நோய் அதுவே. அந்நகரத்துத் தெருக்கடைகளில் விற்ற 'ஸோபா' என்னும் இழை உணவு, கோதுமை இனத்தைச் சாராத பக்வீட் என்னும் விதையின் மாவினால் ஆனது. அதில் தயமின் என்னும் வைட்டமின் உண்டு. தலைநகரத்து மக்கள் காரணம் அறியாமலேயே ஒரு நல்ல உணவைப் பழகியிருந்தனர்.

1883-இல் ஜப்பானியக் கடற்படைக் கப்பலாகிய ரியூஜோ நெடும்பயணத்திலிருந்து திரும்பியபோது, 376 பேருள் 169 பேருக்குப் பெரிபெரி கண்டிருந்தது. 25 பேர் மாண்டனர். தகாகி கனேஹிரோ என்னும் மருத்துவர் மறு ஆண்டு வேறொரு கப்பலை அதே வழியில், உணவை மட்டும் திருத்தி அனுப்பச் செய்தார். அதில் ஒருவரும் இறந்திலர். பின்னர், 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுறுவதையும் தவிடு அந்நோயைப் போக்குவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டிற்கும் உரிய பங்கு உண்டு. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசியை உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்குவதே இதற்குக் காரணம்.

பாஸ்தாவிற்கு மாற்று வேண்டும் என்ற குரல் இத்தாலியிலேயே ஒருமுறை எழுந்ததுண்டு. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் மரினெட்டி என்னும் கவிஞர், பாஸ்தா மக்களைச் சோம்பரும் ஊக்கமற்றவரும் ஆக்குகின்றது என்றும், அதனை ஒழித்தால் அயல்நாட்டுக் கோதுமையின் தேவை நீங்கி உள்நாட்டு அரிசித் தொழில் தழைக்கும் என்றும் அறிக்கை விடுத்தார். வானுலகத்துத் தேவர்கள் உண்பதே தக்காளியிட்ட இழை உணவுதான் என்று நேப்பிள்ஸ் நகரத் தலைவர் விடையிறுத்தார் என்பர். அறிக்கை மறைந்தது, பாஸ்தா நிலைத்தது. அரசியல் நோக்கத்திற்காக ஓர் உணவைப் பழித்து மற்றொன்றை ஏற்றுவதால் மக்களின் நா மாறிவிடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நம் நாட்டின் அடுக்களைகளைச் சற்றே சுற்றி வருவோம். கர்நாடகத்தில் கேழ்வரகு மாவைப் பிழிந்து சாவிகை செய்வர். தமிழகத்திலும் கேரளத்திலும் அரிசி மாவினால் இடியாப்பம் பிழிவர். குஜராத்தில் கோதுமை அப்பத்தைத் துண்டுகளாக்கிப் பருப்பிலேயே வேகவைத்துத் தால் தோக்ளி என்பர். இராஜஸ்தானத்தில் கடலைமாவைத் திரட்டி, நீரில் வேகவைத்து, நறுக்கிக் குழம்பிலிட்டுக் கட்டே என்பர். பருப்பு மாவில் செய்த பாஸ்தா என்று இன்று மேல்நாடுகளில் புதுமையாகப் பேசப்படுவது, மாவளவில் இக்கட்டேக்கு உறவே. இமயமலைப் பகுதிகளில் விளையும் பக்வீட்டைக் குட்டு என்று வழங்கி, நவராத்திரி நோன்பின்போது வட இந்தியர் உண்பர். எடோ மக்கள் இழையாக்கி உண்டதும் இவ்விதையையே.

இத்துணைச் செல்வம் இருந்தும் மைதா முன்வரிசைக்கு வந்தது எவ்வாறு? பஞ்சமும் உணவுப் பற்றாக்குறையும் நிறைந்த காலத்தில், 1956-இல் அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டினால் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை இனக் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.6 கோடி டன்னைக் கடந்தது. பசியினின்று நாட்டைக் காத்த அம்முயற்சியைக் குறைகூறுதல் நன்றி மறத்தலாகும். எனினும், அரசின் கொள்முதலும் பங்கீடும் அரிசியையும் கோதுமையையும் சுற்றியே அமைந்தமையால், கேழ்வரகும் தினையும் சாமையும் விளைந்த மேட்டுநிலங்கள் மெல்ல மெல்ல வேறு பயிர்களுக்கு மாறின.

பெயரும் இதில் ஓரளவு பங்கு கொண்டது. அரசாங்க ஏடுகளில் இத்தானியங்கள் 'மோட்டா அனாஜ்', அதாவது முரட்டுத் தானியங்கள் என்றே நெடுங்காலம் குறிக்கப்பட்டன. பெயரே தாழ்வாக அமைந்த பொருளை விருந்தினர்முன் எவர் படைப்பர்? 2018-இல் மத்திய அரசு இவற்றை ஊட்டத் தானியங்கள் என அறிவித்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தமிழில் நாம் பண்டே வழங்கிவரும் சிறுதானியம் என்ற சொல்லோ மணியின் அளவைக் குறிப்பதன்றி அதன் மதிப்பைக் குறைப்பதன்று.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலாவது, பெயரை விட்டு உட்பொருளைப் பார்த்தல் வேண்டும். உறையின்மீது பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கேழ்வரகு சேமியா என்று முன்புறம் பொறித்திருக்க, பின்புறத்தில் மைதா முதலிடம் பெற்றிருப்பின், அது மைதா சேமியாவே. உண்மையான கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து உண்டு. நார்ச்சத்தும் முழுக்கோதுமைக்கு இணையானது.

இரண்டாவது, கடினக் கோதுமைப் பாஸ்தாவை அறவே வெறுக்க வேண்டுவதில்லை. 1981-இல் டொராண்டோ நகரத்து ஜென்கின்ஸ் குழுவினர் உணவுகள் குருதிச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்திற்கு ஒரு குறியீடு வகுத்தனர். அவ்வகையில் ஆராயும்போது, பாஸ்தா வெள்ளை ரொட்டியைவிட மெதுவாகவே செரிக்கின்றது. அதன் நெருக்கமான புரத வலை மாவுப்பொருளைச் சூழ்ந்திருப்பதே காரணம். குழைய வேகவைத்தால் அந்நன்மை குறையும். முழுக்கோதுமையில் செய்தது கிடைப்பின் இன்னும் நன்று.

மூன்றாவது, கோதுமை இல்லாதவை யாவும் நலம் தருவன அல்ல. குளூட்டன் ஒவ்வாத சீலியக் நோயாளருக்குக் கோதுமையை நீக்குதல் இன்றியமையாதது. அவர்களுக்குச் சம்பா கோதுமையும் ஆகாது. ஏனையோர் அரிசி அல்லது சோள மாவுச்சத்தினால் மட்டுமே ஆன இழையை உண்பதனால் பெறும் ஊதியம் சிறிதே. பாசிப்பயற்றின் மாவுச்சத்தினால் செய்யும் சீனக் கண்ணாடி இழையிலும் பயற்றின் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது.

நான்காவது, இழையோடு சேர்வது எது என்பதும் முக்கியம். பருப்பும் காய்கறியும் கீரையும் பாதித் தட்டை நிரப்பின், எந்த இழையும் தன் குறையிற் பாதியை இழக்கும். தால் தோக்ளியை வகுத்த இல்லத்தரசியர் இதனை நன்கறிந்திருந்தனர்.

இத்தெரிவு நாவோடும் உடலோடும் முடிவதன்று. தினைக்கும் கேழ்வரகுக்கும் கட்டியாவுக்கும் வாங்குவோர் இருந்தால்தான் மானாவாரி நிலத்து உழவன் அவற்றை விதைப்பான். விதைத்தால்தான் விதை அழியாதிருக்கும். ஆயின், இன்று கடைகளில் சிறுதானிய இழை மைதா இழையினும் விலை மிகுந்து நிற்கின்றது. ஒரு காலத்தில் ஏழையின் உணவாயிருந்த தானியம் செல்வரின் மருந்தாக மாறி வருகின்றது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பங்கீட்டில் இத்தானியங்களுக்கும் இடம் வகுத்துள்ளது. அவ்விடம் நிரம்புமாறு கொள்முதல் விரிந்து, பள்ளி உணவிலும் நியாயவிலைக் கடையிலும் அவை தாராளமாகக் கிடைக்குமாயின், நல்லுணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வசதி படைத்தோர்க்கு மட்டுமின்றி எல்லார்க்கும் உரியதாகும்.